கலண்டரில் இருந்த புள்ளிகள்

நான் தரம் 6இல் படித்த காலத்தில், டிசம்பர் விடுமுறை வந்தால் சாச்சி வீட்டுக்குப் போய்விடுவேன். சாச்சி என் உம்மாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம். அந்த வீட்டில் மூன்று கோழிகள் இருந்தன. அவற்றைத் துரத்துவதற்காகவே நான் அங்கே போகிறேன் என்று உம்மா சொல்வார்.

சாச்சியின் குசினிச் சுவரில் நகைக் கடையொன்று கொடுத்த கலண்டர் தொங்கும். கேஸ் மாற்றிய நாள், பால்காரருக்குக் காசு கொடுத்த நாள், தம்பிக்கு ஊசி போட வேண்டிய நாள் என்று எல்லாவற்றையும் சாச்சி அதில் எழுதி வைப்பார். அவற்றுக்கு நடுவே பென்சிலால் வைத்த சின்னப் புள்ளிகளும் இருந்தன. சில நாட்களில் ஒரு புள்ளி, சில நாட்களில் இரண்டு. ஓரிரு நாட்களில் மூன்று.

"இது என்ன சாச்சி?" என்று கேட்டேன்.

"அதுவா மகள்? கோழி முட்டை போட்ட நாள்."

நான் நம்பினேன். கணிதத்தில் கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு எனக்கு. ஜனவரியிலிருந்து தாள்களைப் புரட்டிப் புள்ளிகளை எண்ணினேன். ஆண்டின் தொடக்கத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான். ஒக்டோபர், நவம்பரில் நிறைய. "இப்பதான் சாச்சி கோழியெல்லாம் நல்லா முட்டை போடுது" என்றேன். சாச்சி சிரித்தார். அன்று மாலை என் கையில் காசைக் கொடுத்து, கடையில் ஐந்து முட்டை வாங்கி வரச் சொன்னார். முட்டை போடும் கோழிகள் இருக்கிற வீட்டுக்கு ஏன் கடையில் முட்டை வாங்குகிறோம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கடந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டாவது கிழமை, இரவு பதினொரு மணிக்கு ஒரு த்ரீவீலர் எங்கள் வாசலில் வந்து நின்றது. சாச்சி தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. "சின்னப் பிரச்சினை, ரெண்டு நாளில சரியாகிடும்" என்று உம்மா என்னிடம் சொன்னார். இரண்டு நாள் ஐந்து மாதமானது. தம்பியை எங்கள் ஊர்ப் பாடசாலையில் சேர்த்தோம். சாச்சி எங்கள் குசினியில் உம்மாவுக்கு உதவியாக இருந்தார். சில நாள் கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுவார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவார். நாங்கள் சிரிப்போம். "சாச்சிக்கு வயசு போகல்ல, மூளை போயிட்டுது" என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன்.

நவம்பர் 25ஆம் திகதி பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச தினம். எங்கள் தமிழ் இலக்கிய மன்றத்தில் அதைப் பற்றிப் பேச என்னைத் தெரிவு செய்தார்கள். பெண் என்பவள் விளக்கு, மலர், தெய்வம் என்றெல்லாம் வழக்கம்போல எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் வாசித்துவிட்டு, "இதில ஒரு தகவலும் இல்லையே மகள்" என்றார். அடுத்த நாள் ஓர் ஆய்வாளரைப் பற்றிய சில தாள்களைக் கொடுத்து, "இவங்களைப் பற்றிப் பேசுங்க" என்றார்.

அந்த ஆய்வாளரின் பெயர் ஜக்குலின் கெம்பல். அமெரிக்காவைச் சேர்ந்தவர். அவர் வைத்தியரும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. ஒரு தாதி. தாதியாகவே இருந்துகொண்டு கலாநிதிப் பட்டமும் பெற்று, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தாதியர் கல்லூரியில் பேராசிரியரானவர். உயிரியல் பிரிவில் படிக்கும் எங்களில் பலருக்கு வைத்தியராவதுதான் கனவு. தாதி என்றால் வைத்தியர் சொன்னதைச் செய்பவர் என்றே நானும் நினைத்திருந்தேன். அதனால் முதல் பக்கத்திலேயே எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

கெம்பல் தம் தொழிலின் ஆரம்பத்தில் ஒஹாயோ மாநிலத்தின் டேய்டன் நகரில் பாடசாலைத் தாதியாக இருந்தார். அங்கே அவருக்கு நன்கு தெரிந்த இளம்பெண் ஒருத்தியை அவளுடைய துணைவனே கொன்றுவிட்டான். பின்னர் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்தபோது, டேய்டன் பொலிஸாரின் கொலை வழக்குக் கோவைகளை எடுத்து வாசித்தார். கொல்லப்பட்ட பெண்களில் பலர் ஒரே நாளில் திடீரென்று கொல்லப்பட்டவர்கள் அல்லர் என்பதை அவற்றில் கண்டார். அதற்கு முன்பே அடி இருந்தது, மிரட்டல் இருந்தது. அடையாளங்கள் எல்லாம் கண்ணெதிரே கிடந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

அந்த அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பதற்காக 1980களின் நடுப்பகுதியில் அவர் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்தார். ஆபத்து மதிப்பீடு என்பது அதன் பெயர். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் தாதியர் காயத்துடன் வரும் பெண்ணிடம் கேட்பதற்காக அதை உருவாக்கினார். பாதிக்கப்பட்ட பெண்களிடமே கலந்து பேசி அதைத் திருத்தினார். இன்று அதில் 20 கேள்விகள் உள்ளன. கடந்த ஓராண்டில் வன்முறை கூடியிருக்கிறதா? அவரிடம் துப்பாக்கி இருக்கிறதா? நீங்கள் எங்கே போகிறீர்கள், யாருடன் பேசுகிறீர்கள் என்பதையெல்லாம் அவர்தான் தீர்மானிக்கிறாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்திருக்கிறாரா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? உங்களைப் பின்தொடர்கிறாரா? தன் உயிரை மாய்த்துக்கொள்வதாக மிரட்டியிருக்கிறாரா?

இந்தக் கேள்விகளுக்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. தாதி அந்தப் பெண்ணின் கையில் ஒரு கலண்டரைக் கொடுக்க வேண்டும். கடந்த ஓராண்டில் அடி விழுந்த நாட்களை அந்தப் பெண் அதில் அடையாளமிட்டு, பக்கத்தில் ஓர் எண்ணை எழுத வேண்டும். காயமில்லாமல் தள்ளியது, அறைந்தது என்றால் 1. ஆயுதத்தால் தாக்கியது என்றால் 5.

அந்த இடத்தில் நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். கோழிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

கலண்டர் எதற்காக என்பதையும் அந்தத் தாளில் விளக்கியிருந்தார்கள். நாளும் நடக்கிற ஒன்று கூடுகிறதா குறைகிறதா என்பது அதற்குள்ளே வாழ்கிறவருக்குத் தெரிவதில்லை. வினாக்கொத்தை உருவாக்கிய காலத்தில், "இல்லை, வன்முறை கூடவில்லை" என்று முதலில் சொன்ன பெண்களில் 100க்கு 38 பேர், கலண்டரை நிரப்பிப் பார்த்த பிறகு "ஆம், கூடியிருக்கிறது" என்று பதிலை மாற்றினார்களாம். அவர்களுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. தங்கள் கையெழுத்தைத் தாங்களே பார்த்தார்கள், அவ்வளவுதான்.

புதன்கிழமை இரவு குசினி மேசையில் இருந்து பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். உம்மா பாத்திரம் கழுவினார். சாச்சி போஞ்சி நறுக்கினார். அந்த வாரம் எங்கள் வீட்டில் இன்னொரு விடயமும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பெரிய மாமா வருவதாக இருந்தார். சாச்சியைத் திரும்பவும் கொண்டுபோய் விடுவதைப் பற்றிப் பேசத்தான். சாச்சா இரண்டு மாதமாக அழுது அழுது வொய்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். "நீ வராட்டி நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்று சொன்ன ஒன்றை எல்லோருமே கேட்டிருந்தோம். "பாவம் மனுசன், எவ்வளவு பாசம்" என்று உம்மும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

"அந்தக் கலண்டர் கதையைத் திரும்பவும் சொல்லு மகள்" என்றார் சாச்சி.

சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்த எங்கள் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். பழைய தாள்களைக் கிழிக்காமல் பின்னால் மடித்துவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். சாச்சி ஜனவரியிலிருந்து ஆரம்பித்தார். திகதிகள் அவருக்குத் திகதிகளாக ஞாபகம் இருக்கவில்லை. கேஸ் முடிந்த நாள், தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாள், நோன்பு மூன்று, பெருநாளுக்கு முந்திய இரவு என்று தேடித் தேடி எண்களை எழுதினார். ஜூன் மாதத்துக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் சென்றது. எழுதி முடித்துவிட்டு முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கூடிக்கொண்டுதானே வந்திருக்கு" என்றார். "நான் எல்லா வருசமும் போலதான் என்று நினைச்சன்."

பிறகு கேள்விகளை வாசிக்கச் சொன்னார். என் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு கேள்வியை மட்டும் என்னால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. மனைவியின் விருப்பமில்லாமல் கணவன் அவரைப் பலவந்தப்படுத்துவதைப் பற்றிய கேள்வி அது. கொப்பியை அவர் பக்கம் திருப்பி அந்த வரியில் விரலை வைத்தேன். அவர் வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் கொப்பியைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே திருப்பி, "அடுத்தது" என்றார்.

கழுத்தை நெரித்திருக்கிறாரா என்று வாசித்தபோது, சாச்சியின் கை தானாகவே சோலுக்கு மேலால் கழுத்துக்குப் போனது. உம்மா தண்ணீர்ப் பைப்பை மூடினார்.

"நீ எனக்கு அதைச் சொல்லவே இல்லையே" என்றார் உம்மா.

"ஒரு அடையாளமும் இருக்கல்ல தாத்தா. எதைக் காட்டிச் சொல்ற?"

கழுத்து நெரிக்கப்பட்ட பலருக்கு வெளியே காயமே தெரியாது என்று என் கையிலிருந்த தாளில் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு தகவலும் இருந்தது. கெம்பல் குழுவினரின் ஆய்வில், முன்பு ஒருமுறையாவது கணவனாலோ துணைவனாலோ கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அவனாலேயே கொல்லப்படும் சாத்தியம் 7 மடங்குக்கும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். அதை நான் அன்றிரவு வாய்விட்டு வாசிக்கவில்லை. சாச்சி என் தோளுக்கு மேலால் எட்டி அவரே வாசித்துவிட்டார்.

11 அமெரிக்க நகரங்களில் கெம்பலும் மற்றவர்களும் செய்த பெரிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி அவர்களை நன்கறிந்தவர்களிடம் கேட்டும், வன்முறைக்கு ஆளாகி உயிரோடு இருக்கும் பெண்களிடம் கேட்டும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கணவன் கையில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து 5 மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். ஒன்றாக வாழ்ந்த பெண் பிரிந்து போகும் காலமே மிக ஆபத்தான காலங்களில் ஒன்று என்றும் கண்டார்கள். கொல்லப்பட்ட அல்லது மயிரிழையில் தப்பிய பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தங்களுக்கு அவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதையே உணர்ந்திருக்கவில்லை. "அவர் அப்படிச் செய்யமாட்டார்" என்று ஒரு பெண் சொன்னால், அதை மட்டும் நம்பி நாம் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது என்பதே இதன் அர்த்தம்.

சாச்சியின் பதில்களுக்கு நான் புள்ளி போடவில்லை. அதைக் கணக்கிடப் பயிற்சி வேண்டும். கேள்விகள் வருங்காலத்தைச் சொல்லும் சாத்திரமும் அல்ல. ஆனால் அன்றிரவு எங்கள் மூவருக்கும் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பெரிய மாமா வந்தார். வாப்பா, உம்மும்மா எல்லோரும் ஹோலில் இருந்தார்கள். பிளேன்டீ கொடுத்துவிட்டுப் போகவேண்டிய நான் கதவடியிலேயே நின்றேன். மாமா பேசத் தொடங்க முன்பே, சாச்சி கலண்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இலக்கங்கள் என்னவென்று சாச்சி தாழ்ந்த குரலில் விளக்கினார். அழவில்லை.

"எங்களுக்கு நீ சொல்லல்லியே மகள்" என்றார் உம்மும்மா.

"சொன்னேன் உம்மா. கலியாணம் முடிச்சு ஆறாம் மாசம் சொன்னேன். சபூர் செய் என்று சொன்னீங்க." பிறகு ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "இந்த நோன்பு மூன்றில நீங்க எங்கட வீட்டிலதானே இருந்தீங்க. பக்கத்து அறையில."

உம்மும்மா பதில் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து எழுந்து போய் வுழூ செய்துகொண்டு வந்து தொழுதார். அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது.

மாமா கலண்டரை மூடி வைத்துவிட்டு, "புள்ள இங்கேயே இருக்கட்டும்" என்று வாப்பாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தவை கதைபோல ஒரே நாளில் நடக்கவில்லை. உம்மாவும் சாச்சியும் முதலில் அரசாங்க வைத்தியசாலையில் உள்ள நட்பு நிலையத்துக்குப் போனார்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்காகவே சுகாதார அமைச்சு நடத்தும் இடம் அது. சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று அறிந்து அதற்கும் விண்ணப்பித்தார்கள். பிரிந்திருக்கும் காலம் ஆபத்தான காலம் என்பதை நாங்கள் மறக்கவில்லை. தம்பியை உம்மா, வாப்பா தவிர யாருடனும் அனுப்பக்கூடாது என்று பாடசாலையிலும் வேன் நானாவிடமும் சொல்லி வைத்தோம்.

சாச்சியின் மறதியைப் பற்றியும் நான் ஒன்று சொல்ல வேண்டும். வன்முறை ஒரு பெண்ணின் உடலில் எதையெல்லாம் விட்டுச் செல்கிறது என்று கெம்பல் 2002இல் ஒரு கட்டுரையில் தொகுத்திருக்கிறார். காயம் ஆறிய பிறகும் நாள்பட்ட வலி, வயிற்றுக் கோளாறு, மனச்சோர்வு, நடந்தவை திரும்பத் திரும்ப மனதில் வந்து உலுக்குவது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தலையில் விழும் அடியும் கழுத்தை நெரிப்பதும் மூளையைப் பாதித்து, தலைவலியையும் தலைசுற்றலையும் மறதியையும் தரலாம் என்பதையும் அவர் பின்னர் ஆராய்ந்தார். சாச்சி எத்தனையோ வருடமாகக் கேஸ்ட்ரிக் மருந்து குடிக்கிறார். எந்த வைத்தியரும் அவரிடம் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. அவருடைய மறதிக்குக் காரணம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரும் அல்ல. ஆனால் நான் பண்ணிய பகிடியை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

திங்கட்கிழமை மன்றத்தில் பேசினேன். சாச்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கெம்பலைப் பற்றியும் அந்தக் கலண்டரைப் பற்றியும் சொன்னேன். நம் நாட்டில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வில், திருமண வாழ்வில் அல்லது துணையுடனான உறவில் இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவராலேயே உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகத் தெரிய வந்ததைச் சொன்னேன். 1938 என்ற இலவசத் தொலைபேசி இலக்கத்தையும் சொன்னேன். பேச்சு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தரம் 10இல் படிக்கும் ஒரு பிள்ளை நூலகத்து வாசலில் எனக்காகக் காத்து நின்றாள்.

"தாத்தா, அந்த நாலு இலக்கத்தையும் திரும்பச் சொல்லுங்களேன்" என்றாள்.

சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "டீச்சரிட்ட பேசலாமா? நானும் வாறன்" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினாள். இருவரும் போனோம்.

அந்த உள்ளங்கைக்காகவே இதை எழுதுகிறேன். வாசிக்கும் தாய்மாரே, தந்தைமாரே, உங்கள் மகள் ஒருநாள் வந்து ஏதாவது சொன்னால், உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் சபூர் என்பதாக இருக்க வேண்டாம். கௌலா பின்த் தஃலபா (ரலி) அவர்கள் தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள், வாதாடினார்கள். அந்த முறையீட்டையொட்டி அல்முஜாதலா என்ற ஸூராவின் ஆரம்ப வசனங்கள் இறங்கின என்று இஸ்லாம் பாடத்தில் நாங்கள் படிக்கிறோம். முறையிட்ட பெண்ணை வாய்மூடச் சொல்ல நமக்கு எங்கிருந்து உரிமை வந்தது? முதலில் கேளுங்கள். எப்போதிலிருந்து, எத்தனை தடவை, கூடுகிறதா என்று கேளுங்கள். ஒரு தாதி கேட்ட கேள்விகள்தானே இவை. நாமும் கேட்கலாம்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் சாச்சியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் சம்மதமில்லாமல் ஒரு வரியும் வெளிவராது என்று சொன்னேன். முழுவதும் வாசித்தார். "பாவம் சாச்சி" என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். அந்த மூன்றையும் பென்சிலால் வெட்டிவிட்டு, "இப்ப சரி, குடு" என்றார்.

எங்கள் குசினிச் சுவரில் இந்த வருடக் கலண்டர் தொங்குகிறது. சாச்சி அதில் கேஸ் மாற்றிய நாளை மட்டும் எழுதுகிறார். சில மாதம் அதையும் மறந்துவிடுகிறார். நாங்கள் இப்போது சிரிப்பதில்லை.